செய்மதி இணையம்: கோளாறு பெரும்பாலும் வளவுக்குள்தான்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஓர் இடத்தில் டிஷ் பூட்டி, இணையம் ஓடுவதைக் காட்டிவிட்டு வந்தால், கொஞ்ச நாளில் ஓர் அழைப்பு வரும். "தம்பி, செய்மதியில ஏதோ பிரச்சினை போல இருக்கு, லைனே இல்ல." கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதால் எல்லாரும் முதலில் செய்மதியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் ஆலை, வங்கிக் கிளை, காட்டோரப் பாடசாலை, கடற்கரை ஹோட்டல் என்று பல கூரைகளில் ஏறி இறங்கியவன் நான். செய்மதி பழுதாகி இணைப்பு நின்றதைக் கண்டது மிக அரிது. 36,000 கிலோமீற்றர் குறையில்லாமல் வந்த சிக்னல், வளவுக்குள் இருக்கிற கடைசி முப்பது மீற்றரில்தான் செத்துப்போகிறது. அந்த முப்பது மீற்றரை நாமே பார்த்துக்கொள்ளலாம். டிஷ் வைத்திருப்பவர்களுக்கும், வைக்க நினைப்பவர்களுக்கும், இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மேலே இருப்பதைப் பற்றிக் கொஞ்சம். மத்தியகோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியைச் சுற்ற எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும்: 23 மணி 56 நிமிடம். செய்மதி ஒரு விநாடிக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தாலும் நமக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். டிஷ்ஷை ஒரு தடவை சரியாகத் திருப்பிவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை. இந்த உயரத்தில் மூன்று நிலையங்கள் வைத்தால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று 1945இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஒரு பாடசாலையில் டிஷ் பூட்டினால் பிள்ளைகளுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். நம் நாட்டைத் தன் வீடாக்கிக்கொண்டவர் எழுதிய யோசனையில்தான் அவர்களுடைய கணினி அறை ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

1965 ஏப்ரலில் மேலே போன ஏர்லி பேர்ட்தான் வணிகத்துக்கென்று இந்தச் சுற்றுப்பாதையில் நிறுத்தப்பட்ட முதலாவது தொடர்புச் செய்மதி. அதில் ஒரே நேரத்தில் 240 தொலைபேசி அழைப்புகள் போகலாம். 2005இல் தாய்லாந்து அனுப்பிய ஐபிஸ்டார் விநாடிக்கு 45 கிகாபிட், 2011இல் மேலே போன அமெரிக்க நிறுவனமொன்றின் வியாசாட் 1 ஏறத்தாழ 140 கிகாபிட் தாங்கின. இந்தப் பாய்ச்சலுக்குக் காரணம், செய்மதியின் சிக்னலை ஒரே பெரிய கற்றையாகக் கண்டம் முழுக்கப் பரப்புவதை விட்டுவிட்டு, நிலத்தைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கற்றை கொடுத்ததுதான். அடுத்தடுத்து இல்லாத வட்டங்களில் அதே அலைவரிசையைத் திரும்பவும் பாவிக்கலாம். ஆனால் உங்கள் வட்டத்துக்குள் எத்தனை பேர் பாவிக்கிறார்களோ அத்தனை பேரும் அதன் கொள்ளளவைப் பங்குபோடுகிறீர்கள். பின்னேரம் ஏழு மணிக்கு மெதுவாகி, விடியற்காலையில் பறக்கும் இணைப்பின் காரணம் பெரும்பாலும் இதுதான். பொதி வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள உச்ச வேகத்தைக் கேட்காமல், எத்தனை பேருக்கு அது பங்கிடப்படுகிறது, குறைந்தபட்சம் எவ்வளவு உறுதி என்று கேளுங்கள்.

நாம் மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இல்லாத ஒரு வசதியும் ஒரு சிக்கலும் நமக்கு உண்டு. 87.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேல் நிற்கும் செய்மதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2012 நவம்பர் 27இல் சீனாவின் சிசாங்கிலிருந்து போன சைனாசாட் 12 அந்த இடத்துக்குத்தான் போனது. அதில் ஒரு பங்கை இலங்கை நிறுவனமொன்று எடுத்து சுப்ரீம்சாட் 1 என்று பெயரிட்டது. மட்டக்களப்பு நகரிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 79 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். குளிர்நாடுகளில் டிஷ் அடிவானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், பக்கத்து வீட்டுச் சுவர்கூட மறைக்கும். இங்கே நாலுபக்கமும் மரம் நின்றாலும், நடுவில் தலைக்கு மேலே ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும். தென்னந்தோட்டத்துக்கு நடுவிலே, மாமரத்துக்கும் வீட்டுக்கும் இடையிலே நான் டிஷ் பூட்டியிருக்கிறேன்.

சிக்கல் இதுதான். செய்மதி உச்சிக்குக் கிட்ட நிற்பதால், நாம் கொஞ்சம் இடம் மாறினாலும் திசை நிறைய மாறிவிடும். கொழும்பிலிருந்து அதே செய்மதி வடக்கிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 132 பாகைத் திசையில். மட்டக்களப்பிலிருந்து 143. பொத்துவிலிலிருந்து 140. தலைநகரில் பயிற்சி எடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே எழுதிய இலக்கங்களை அப்படியே கொண்டுவருவதைக் கண்டிருக்கிறேன். திசையில் 11 பாகை வித்தியாசம் என்றால் அந்த உயரத்தில் வானத்தில் இரண்டு பாகைக்கும் மேல். அடுத்த செய்மதி அவ்வளவு தூரத்தில்தான் நிற்கும். சிக்னல் வரும், அதை அளக்கும் மீற்றர் ஆடும், ஆனால் அது வேறொருவருடைய செய்மதியாக இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் கோணங்களைப் புதிதாகக் கணக்கிட்டே ஆக வேண்டும். அலை அதிரும் சாய்வுக்கு ஏற்ப, டிஷ்ஷுக்கு முன்னால் நீண்டிருந்து அலையை வாங்கி அனுப்பும் தலையைத் திருப்பும் கோணமும் அப்படித்தான் ஊருக்கு ஊர் மாறும்.

இன்னொன்றும் உண்டு. உயரக் கோணம் கூடக் கூட, டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போது சிக்னல் மெதுவாகத்தான் மாறும். இரண்டு மூன்று பாகை திருப்பினாலும் மீற்றர் பெரிதாக அசையாது. "இதுதான் உச்சம்" என்று அவசரப்பட்டு நட்டை இறுக்கினால், வெயில் நாளில் ஓடும், மழை நாளில் அறும். நான் செய்வது இது: ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே போய் சிக்னல் ஓர் அளவு குறையும் இடத்தில் கம்பத்தில் பென்சிலால் கோடு போடுவது. மற்றப் பக்கமும் அதே அளவு குறையும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது. இதற்கெல்லாம் முன்னால் கம்பம் நேராக நிற்க வேண்டும். மேசன் வைத்திருக்கிற நீர்மட்டத்தைக் கம்பத்தின் இரண்டு பக்கங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துப் பாருங்கள். கம்பம் சரிந்திருந்தால் கணக்கிட்ட கோணம் எதுவும் பொருந்தாது. திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்கும் தகரக் கூரைக்கும் தள்ளி நின்று பிடியுங்கள்.

டிஷ் சிக்னலை வாங்குவது மட்டுமல்ல, அனுப்புவதும் செய்கிறது. பிழையாகத் திருப்பிய டிஷ் பக்கத்துச் செய்மதியில் வேறு யாருடையதோ தொடர்பைக் குழப்பும். அதனால்தான் நம் டிஷ்களைச் செய்மதியூடாக இணையத்தோடு சேர்க்கும், சேவை தருபவரின் தரை நிலையத்துடன் தொலைபேசியில் பேசி, அவர்கள் சரி என்ற பிறகே அனுப்பியைத் திறக்கிறோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பழைய பெட்டி ஒன்றை மலிவாகக் கொண்டுவந்து பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான். அதோடு, இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் நீண்டிருக்கும் தலைக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் யாரும் கையையோ முகத்தையோ வைக்கக் கூடாது. துடைப்பதென்றாலும் மோடத்தை நிறுத்திவிட்டே துடையுங்கள்.

தூரத்தின் விலை நேரம். ஒளியின் வேகத்தில் போனாலும் மேலே போய்க் கீழே வர கால் விநாடி. நீங்கள் கேட்டது போக, பதில் வர, அரை விநாடி. நிலையத்திலும் இணையத்திலும் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 0.6 விநாடிக்கு மேல். இதை எந்தப் பொதியாலும் குறைக்க முடியாது. கூடுதல் பணம் கட்டினால் ஒரே தடவையில் கூடுதலாக வரும், ஆனால் விரைவாகப் புறப்படாது. குருமன்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதைப் படகில் ஒரு மூட்டை நெல் ஏற்றினாலும் நாற்பது மூட்டை ஏற்றினாலும் வாவியைக் கடக்கும் நேரம் ஒன்றுதான். மூட்டை மூட்டையாகக் கொண்டு போகிறவனுக்கு நாள் போய்விடும், நிறைத்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரே பயணம்.

உன்னிச்சைக்கு அங்கால் ஒரு பாடசாலை. டவர் சிக்னல் மரத்தில் ஏறினால் மட்டும் வரும் இடம். கணினி அறைக்குச் செய்மதி இணைப்பு கொடுத்தோம். ஒரு கிழமைக்குள் அதிபர் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளைகள் ஒரு பக்கம் திறக்க முன்னம் பாடவேளை முடிஞ்சிருது." போய்ப் பார்த்தேன். வேகச் சோதனையில் குறை இல்லை. ஆனால் பிள்ளைகள் திறந்தது விளம்பரமும் படமும் நிறைந்த பக்கங்கள். ஒரு பக்கம் திறக்க உலாவி பல இடங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் போகிறது, ஒவ்வொரு கேள்விக்கும் அரை விநாடிக்கு மேல். அது தவிர எல்லாக் கணினிகளும் தாங்களாகவே விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருந்தன. மாதத்து டேட்டாவில் பாதியை யாரும் பாவிக்காமலே அவை குடித்துவிட்டன.

செய்தது பெரிய வேலை இல்லை. எல்லாக் கணினியிலும் இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு (metered connection) என்று மாற்றினோம், அதோடு தானாக இறக்குவது பெரும்பாலும் நின்றுவிடும். உலாவியில் விளம்பரத் தடுப்பான் போட்டோம். பழைய கணினி ஒன்றை அறையின் மூலையில் வைத்து, இணையம் இல்லாமலே வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அதில் ஏற்றினோம். பிள்ளைகள் அதை அறைக்குள் இருக்கும் வலையமைப்பிலேயே வாசிக்கலாம், வானத்துக்குப் போக வேண்டியதில்லை. கடந்தகால வினாத்தாள்கள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்கள், காணொளிகள் எல்லாவற்றையும் இரவில் இறக்கிக் காலையில் தயாராக வைக்கும்படி கணிதம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் பொறுப்பெடுத்தார். முதல் நாளே என்ன பாடம் என்று ஆசிரியர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வார். அந்த ரீச்சர் செய்த வேலைதான் உண்மையில் அந்தப் பாடசாலையின் இணையம். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அங்கேதான் வந்து நின்றார்கள்.

கதைக்கும்போது வரும் தாமதத்துக்கு ஒரு பழக்கம் வேண்டும். சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லி முடித்து, நிறுத்தி, மற்றவர் பதிலுக்குக் காத்திருங்கள். இடையில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டால் இரண்டு குரலும் நடுவானில் மோதும். இரண்டு முனையிலும் செய்மதி இணைப்பு என்றால் இன்னும் கஷ்டம். இரண்டும் நிலையத்தினூடாகத்தான் பேசும், குரல் மேலே கீழே இரண்டு தடவை போய்வர வேண்டும், பதில் கேட்க ஒரு விநாடிக்கு மேலாகும். வயலோரக் களஞ்சியத்துக்கும் ஆலைக்கும் இடையே இப்படி ஓர் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு, குரல் அழைப்பை விட்டு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னேன். நெல் நிறையும் ஈரப்பதமும் எழுத்திலேயே போகலாம், பதிவாகவும் இருக்கும். கணக்காளர்கள் அலுவலக வலையமைப்புக்குப் பூட்டுப்போட்ட வழி தரும் விபிஎன் பாவிக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே சேவை தருபவரிடம் சொல்லுங்கள். தூரத்தை ஈடுகட்ட மோடம் செய்யும் வேகப்படுத்தல் வேலை, பூட்டுப்போட்ட விபிஎன் பொதிக்குள் நடக்காது. "வேறெல்லாம் ஓடுது, ஒஃபிஸ் மென்பொருள் மட்டும் இழுக்குது" என்றால் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மழைக்கு வருவோம். நம் டிஷ்களில் பெரும்பாலானவை கேயூ அலைவரிசையில், 12க்கும் 14க்கும் அண்மித்த கிகாஹேட்ஸில் ஓடுகின்றன. அந்த அலையின் நீளம் இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர். கனத்த மழைத்துளி அதைக் குடித்துவிடும். 20, 30 கிகாஹேட்ஸில் ஓடும் கேஏ அலைவரிசை இன்னும் மோசம். 4, 6 கிகாஹேட்ஸில் ஓடும் சி அலைவரிசை மழையைப் பொருட்படுத்தாது, ஆனால் டிஷ் பெரிது, செலவும் பெரிது. ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி வரை மாரி பெய்யும் ஊரில் இதை யாரும் தவிர்க்க முடியாது. இப்போதைய மோடம்கள் மழை கூடும்போது வேகத்தைக் குறைத்து இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், அதனால் தூறலுக்கு அறுவதில்லை. இருட்டிக்கொண்டு கொட்டும் மழைக்குப் பத்து, இருபது நிமிடம் போகும். அது பழுதல்ல.

பழுது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, வெயில் நாளின் இலக்கத்தைத் தெரிந்துவைப்பது. மோடத்தின் பக்கத்தைக் கணினியில் திறந்தால் சிக்னல் தரம் டெசிபலில் காட்டும். தெளிந்த வானத்தில் அது எவ்வளவு என்று பூட்டிய அன்றே மோடத்தின் மேல் மாக்கர் பேனாவால் திகதியோடு எழுதுகிறேன். மழை விட்டு வெயில் வந்த பிறகும் அந்த இலக்கத்துக்குத் திரும்பவில்லை என்றால் வளவில் ஏதோ இருக்கிறது. படுவான்கரையில் வெள்ளம் போட்ட காலத்தில் ஓர் இடத்துக்குப் போகவே முடியாமல் தொலைபேசியில் இந்த ஓர் இலக்கத்தைக் கேட்டே காரணத்தைச் சொல்லியிருக்கிறேன்.

மழையில் பலர் யோசிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. தரையிலுள்ள மத்திய நிலையம் மேல் மாகாணத்தில் இருந்தால், அங்கே பெய்யும் மழையும் நம்மைத் தொடும். மே, ஜூனில் இங்கே வறண்ட கச்சான் காற்று வீசி வாய்க்கால் காய்ந்து கிடக்க, அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். பெரிய டிஷ்ஷும் சக்தியைக் கூட்டும் வசதியும் இருப்பதால் நிலையம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இருந்தும் வெயில் எரிக்கும் நாளில் வேகம் விழுந்தால் ஸ்பனரைத் தூக்க முன்னம் நிலையத்துக்கு அழைத்து அங்கே வானம் எப்படி என்று கேளுங்கள்.

இனி, ஆண்டுக்கு இரண்டு தடவை சூரியனே செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கும். நம் இடத்துக்கு அது மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் கடைசியிலும், தொடர்ந்து சில நாள், நாளுக்குச் சில நிமிடம். 87.5 பாகைச் செய்மதி என்றால் முற்பகல் பதினொன்றேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். சூரியனின் இரைச்சலில் செய்மதியின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். ஒரு வங்கிக் கிளையில் முகாமையாளர் வாசலில் நின்று, "தம்பி, முகில் ஒன்றுமே இல்லையே, ஏன் ஏரிஎம் நிக்குது?" என்று கேட்டார். நேரத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க சேர், தானா வரும்" என்றேன். வந்தது. அடுத்த நாளும் இதே நேரத்தில் போகும் என்று சொல்லி, அந்த நிமிடங்களில் ஏரிஎம் வாசலில் ஓர் அறிவித்தல் வைக்கச் செய்தோம்.

அந்தச் சில நிமிடங்களால் எனக்கு ஒரு பெரிய உதவியும் உண்டு. சூரியன் அப்போது சரியாகச் செய்மதி நிற்கும் திசையில் நிற்கிறது. அந்நேரம் டிஷ்ஷின் மேல் ஓலையின் நிழலோ கிளையின் நிழலோ விழுந்தால், அந்த ஓலைதான் வழியை மறைக்கிறது. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வளவில் காற்றடித்தால் மட்டும் இணைப்பு அறும், காற்று நின்றால் வரும். வயரை மாற்றினார்கள், மோடத்தை மாற்றினார்கள். மார்ச்சில் ஒரு நாள் அந்த நேரம் பார்த்துப் போய் நின்றேன். தென்னையின் ஓரோலை காற்றில் அசையும்போதெல்லாம் அதன் நிழல் டிஷ்ஷைத் தடவிவிட்டுப் போனது. வீட்டு அம்மா மேலே பார்த்துவிட்டு, "அந்த ஓலையா மகன்? இண்டைக்கே வெட்டிவிடச் சொல்றன்" என்றார். ஓலையை வெட்டியதும் சரி. தென்னை வளரும், ஆண்டுக்கொரு தடவை இந்த நிழலைப் பார்ப்பது நல்லது.

சூரியனைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: டிஷ்ஷுக்கு மினுக்கமான பெயின்ற் அடிக்காதீர்கள். கோயில் திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது டிஷ்ஷையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். மினுங்கும் பரப்பு வெயிலையும் குவிக்கும், முன்தலையின் பிளாஸ்ரிக் மூடி இளகிப்போகும். டிஷ் மங்கிய நிறத்தில் வருவதற்குக் காரணமே இதுதான்.

நம் கரையில் எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி உப்பு. கல்லடி, மருதமுனை, திருக்கோவில், அறுகம்பை என்று கடலுக்குக் கிட்டவுள்ள இடங்களில் சாதாரண நட்டும் போல்ட்டும் இரண்டு மாரி தாங்காது. கறள் பிடித்து ஒட்டிவிட்டால் பிறகு கோணத்தைச் சரிசெய்யவே முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு நட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், புரிகளில் கிறீஸ் பூசிவிட்டு இறுக்குங்கள். அதைவிட முக்கியம் வயர் முனை. டிஷ்ஷின் தலையிலிருந்து வரும் வயரின் முனையில் திருகிப் பூட்டும் எஃப் இணைப்பிக்குள் ஒரு சொட்டு உப்புநீர் போனால் போதும், செம்பு பச்சையாகி, சிக்னல் நாளுக்கு நாள் தேயும். திடீரென்று அறாமல் மெல்ல மெல்லத் தேய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. முனையைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் இறப்பர் ரேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போது மடிப்புகள் மழைநீரை வெளியே தள்ளும். சாதாரண இன்சுலேசன் ரேப் வெயிலில் பிசின் விட்டுக் கழன்றுவிடும். சுவருக்குள் நுழைய முன்னம் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள், வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பொத்துவிலில் ஒரு ஹோட்டல்கார ஹாஜியாரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்க முன்னம், ஏப்ரலில், முனைகளை வெட்டிப் புதிதாகப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். அலைச்சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவர் முதலில் கேட்பது வைஃபை. ஒரு மீற்றர் வயரும் இரண்டு இணைப்பியும் பெரிய செலவே இல்லை. வயரின் நீளம் முப்பது மீற்றரைத் தாண்டாமல் பார்ப்பதும் அதைப் போன்றதே. அனுப்பிக்குத் தேவையான மின்சாரமும் அதே வயரில்தான் போகிறது, நீளம் கூடினால் போய்ச்சேரும் வோல்ட்டேஜ் விழும். அப்போது வாங்குவது சரியாக இருக்கும், அனுப்புவது மட்டும் தடுமாறும்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதை. மோடம் கரண்ட் போய்வந்தால் செய்மதியைத் தேடிப் பிடித்து உள்ளே போகச் சில நிமிடம் எடுக்கும். கரண்ட் ஒரு நாளைக்குப் பல தடவை துடிக்கும் கிராமத்தில் ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் பாதி முறைப்பாடு குறையும். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேர இடி வரும்போது பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் வயரையும் மோடத்திலிருந்து கழற்றுங்கள். டிஷ் கம்பத்துக்குத் தனியாகவும் வீட்டுக்குத் தனியாகவும் நிலத்தொடுப்பு (ஏர்த்) இருந்தால் இரண்டையும் தடித்த செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மோடத்தின் ஊடாகத்தான் பாயும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கிய பிறகு எல்லாரும் கேட்கும் கேள்வி, பழைய டிஷ் இனித் தேவையா என்பது. அது ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான செய்மதிகள். தாமதம் மிகக் குறைவு, காணொளி வகுப்பும் அழைப்பும் சுகமாகப் போகும். ஃபைபரோ நல்ல 4ஜியோ வராத இடத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு ஒன்று எடுக்க முடியுமென்றால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். செய்மதிகள் ஓடிக்கொண்டே இருப்பதால், சுற்றிவர நிற்கும் மரங்களில் ஒவ்வொன்றும் அடிக்கடி குறுக்கே வரும். தென்னந்தோட்டத்துக்கு நடுவிலுள்ள வீட்டில் உயரமான கம்பம் இல்லாமல் அது விட்டு விட்டுத்தான் ஓடும். உச்சியில் ஒரே புள்ளியைப் பார்க்கிற நம் பழைய டிஷ் அந்த வளவில் அசையாமல் நிற்கும். ஏரிஎம், நீர்மட்டம் அளக்கும் கருவி, ஆலைக் கணக்கு போன்ற சிறிய, ஒழுங்கான தரவுக்கு அரை விநாடித் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. வங்கிக் கிளைகளில் ஃபைபர் அறுந்தால் மாற்று வழியாக நிற்பதற்கும் அது போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். செய்மதிக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 15 ஆண்டளவு. தன் இடத்தில் நிற்க அது எரிபொருளைச் செலவழிக்கிறது, அது முடியும் தறுவாயில் சில நூறு கிலோமீற்றர் மேலே தள்ளி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்குப் புதிய செய்மதி வந்தால் நமக்கு வேலை இல்லை. சேவை வேறிடத்துச் செய்மதிக்கு மாறினால் எல்லா டிஷ்களையும் திரும்பவும் திருப்ப வேண்டும். அப்போது கறள் பிடிக்காத நட்டும், நேராக நிற்கும் கம்பமும் உள்ள வளவில் வேலை ஒரு பின்னேரத்தில் முடியும். கரடியனாற்றுப் பக்கம் ஒரு பண்ணையில் கொங்கிரீட்டில் நாட்டிய கம்பத்தை அப்படியே உயர்த்தி, உச்சியில் ஸ்டார்லிங்க் தட்டைப் பூட்டினோம். பழைய டிஷ் அதே கம்பத்தில் கீழே இறங்கி இன்னும் வேலை செய்கிறது, கிணற்று மோட்டாரின் கணக்கை அதுதான் அனுப்புகிறது.